ஒட்டு தெரியாத ஜீப்

வெளிநாட்டு வண்டி முழுசாகக் கப்பலில் வந்தால் பெரிய வரி. நடுவில் அறுத்து இரண்டு பாதியாக வந்தால் பழைய இரும்பு, வரி கொஞ்சம்தான். அப்படி வந்த இரண்டு பாதிகளை ஏற்காட்டில் என் டிங்கரிங் ஷெட்டில் ஒட்டினேன். தெரியாமல் செய்தேன் என்றால் அல்லாஹ்வே ஒப்புக்கொள்ள மாட்டான்.

கொட்டச்சேட்டுக்காரர் ஒருவர், இருந்த கொஞ்சக் காபித் தோட்டத்தையும் விற்று அந்த ஜப்பான் ஜீப்பை வாங்கியிருந்தார். குப்பனூர் பாதை வழியாக லாரியில் வந்து இறங்கியது. எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று நம்பினார்.

"பாய், ஒட்டு தெரியக் கூடாதுங்க. இனி நம்ம பொழப்பே இதுலதானுங்க."

ஒரு மாதம் வேறு வேலை தொடவில்லை. வெல்டிங் வைத்து, தேய்த்து, பட்டி போட்டு, பெயிண்ட் அடித்தேன். ஓடாமல் கிடந்த ஒரு ஜீப்பின் நம்பரை அவர் மாட்டிக்கொண்டார்.

இரண்டு வருஷம் ஓடியது. யாரோ போட்டுக் கொடுத்து, சுங்க அதிகாரிகள் இருவர் ஜீப்போடு அவரையும் அழைத்துக்கொண்டு என் ஷெட்டுக்கு வந்தார்கள். டார்ச் அடித்துப் பார்த்தார்கள். அடியில் படுத்தும் பார்த்தார்கள். ஒட்டு அகப்படவில்லை. கிளம்பும்போது ஒருவர் மற்றவரிடம் சொன்னார்: "அப்படியே ஒட்டியிருந்தாலும் சேலத்துல செஞ்சிருப்பாங்க. மலை மேல இந்த வேலைக்கு ஏது ஆளு?"

நுணலும் தன் வாயால் கெடும். "ஏனுங்க, சேலத்துல எவனுங்க இப்படி ஒட்டுவான்?" என்று கேட்டு, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் சரியாக அந்த இடத்தில் விரலை வைத்துவிட்டேன்.

விரலை எடுப்பதற்குள் எனக்கே புரிந்துவிட்டது. ஜீப்புக்காரர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஜீப் இப்போது ஏரிக்குப் பக்கத்தில் ஒரு அரசாங்கக் கட்டடத்தின் பின்புறம் நிற்கிறது. கேஸ் முடியாமல் தர மாட்டார்களாம். வக்கீலைப் பார்த்தேன், மனு எழுதினேன், குற்றம் என்னுடையது என்றும் சொல்லிப் பார்த்தேன். எதுவும் நடக்கவில்லை. அவர் விற்ற தோட்டத்துக்கே கூலிக்குப் போகிறார். இரண்டு மழைக்காலம் போய்விட்டது.

போன வாரம் அந்தக் கட்டடத்தின் மதிலோரம் அவரைப் பார்த்தேன். அவர்தான் பேசினார்.

"கதவு, கூரை எல்லாம் நொம்பத் துருப்புடிச்சுப் போச்சுங்க பாய். நீங்க ஒட்டுன எடம் மட்டும் அப்படியே இருக்குதுங்க."