கைப்பிடி இறங்காத இடம்

அஸ்தினாபுரத்தில் தோத்தாத்ரி குடியிருப்பது தரைத்தளம். அந்த ஒரே காரணத்தால்தான் நீள சைக்கிள் அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. இரண்டு சீட்டு, இரண்டு ஜோடி பெடல். முன்னால் பார்வையுள்ளவர் ஓட்டுவார், பின்னால் பார்வையில்லாதவர் உட்கார்ந்து மிதிப்பார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைகளில் இப்படிச் சில பேரைக் கூட்டிக்கொண்டு போகும் குழு ஒன்று தாம்பரம் பக்கம் இருந்தது. அதில் தோத்தாத்ரிக்கு முன்னால் ஓட்டுகிற ஷ்யாம்சுந்தருக்குப் பொத்தேரியில் மூன்றாவது மாடியில் வீடு. அந்த வண்டி லிஃப்டில் நுழையாது. உங்கள் ஹாலில் நிறுத்திக்கொள்ளலாமா சார் என்று கேட்டார். தோத்தாத்ரி சரி என்றார். அந்த நாட்களில் அவர் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

கிண்டியில் ஒரு கம்பெனியின் வரைபடப் பிரிவில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். முதலில் பென்சில், பிறகு கம்ப்யூட்டர். ஒரு கோடு தடித்திருந்தால் தள்ளி நின்றே சொல்லிவிடுவார். கிளாகோமா அவருடைய பார்வையை ஓரங்களிலிருந்து உள்நோக்கி, வருஷக்கணக்கில், அவசரமில்லாமல் தின்றது. கடைசியில் மிச்சமிருந்த நடுப்பகுதியும் போனபோது மனைவி வேதா அழுதாள். பெங்களூரிலிருந்து வந்த மகன் ஹர்ஷா பாத்ரூமில் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு அழுதான். தோத்தாத்ரிக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு வருஷமாக அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் அவரை யாரும் எதையும் செய்ய விடவில்லை. சட்டையைத் தேய்க்கப் போனால், விடுங்கோ, நான் பார்த்துக்கறேன் என்று வேதா வாங்கிக்கொள்வாள். வாசல் கேட்டைத் திறக்கப் போனால் மாடி வீட்டுக்காரர் ஓடிவந்து திறப்பார். எல்லாரும் நல்லவர்கள். அதனால் சொல்வதற்கும் ஒன்றுமில்லை.

சைக்கிளிலும் அப்படித்தான். ஏறச் சொன்னால் ஏறினார், மிதிக்கச் சொன்னால் மிதித்தார். அகரம்தென் வழியாக மாம்பாக்கம்வரை போய்த் திரும்பினார்கள். முகத்தில் காற்று அடித்தது. அது காற்று என்று தெரிந்தது, அவ்வளவுதான். லாரியில் ஏற்றிப்போய் இறக்கிய மூட்டைபோல வீட்டுக்கு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

அந்த வண்டிக்கு டயர் மெலிசு, விரல் பருமன்தான். மேலே இரண்டு பெரிய ஆட்கள் உட்காருவதால் உள்ளே நூறு பவுண்டு காற்று நிற்கவேண்டும். சாதாரண சைக்கிள்போல மாதம் ஒருமுறை அடித்துவிட்டு மறந்துவிட முடியாது. ஒரு வாரத்தில் தானாகவே இறங்கிவிடும். குறைந்த காற்றோடு பள்ளத்தில் இறங்கினால் ரிம் ட்யூபைக் கடித்துவிடும். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரின் வாய் இந்த ஒல்லி வால்வில் உட்காராது. அதற்கென்று ஒரு மூடியைத் திருகி உட்காரவைத்தாலும், அங்கே காற்றின் அளவைக் காட்டும் முள் தன் இஷ்டத்துக்கு ஏதோ ஒன்றைக் காட்டும். ஆகவே ஷ்யாம்சுந்தர் ஒவ்வொரு வாரமும் தன் வீட்டுப் பம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு ரயிலில் வருவார். தரையில் நிறுத்தி, அடித்தட்டை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு, இரண்டு கையாலும் அழுத்தும் பம்பு அது.

ஒரு ஞாயிறன்று அவருக்கு போன் வந்தது. ஒரு கை பிடிங்க சார் என்று கைப்பிடியைத் தோத்தாத்ரியிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போனார். தோத்தாத்ரி அடித்தார். முதலில் வெண்ணெய்போல இறங்கியது. போகப் போக இறுகியது. பிறகு ஓர் இடத்தில் நின்றுவிட்டது. முழங்கையை நிமிர்த்தி உடம்பையே மேலே போட்டுப் பார்த்தார். கைப்பிடி பாதியில் மிதந்துகொண்டு அவரைத் திருப்பித் தள்ளியது.

ஷ்யாம்சுந்தர் வந்து முள்ளைப் பார்த்துச் சிரித்தார். "எண்பதுலயே நின்னுட்டீங்களே சார். அடுத்த வாரம் ரெண்டு இட்லி ஜாஸ்தி சாப்ட்டுட்டு அடிங்க." அவர் நல்ல கனமான ஆள். மிச்சத்தைச் சுலபமாக அடித்து முடித்தார்.

அன்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது தோத்தாத்ரியின் உள்ளங்கை கொஞ்சம் எரிந்தது. அவர் உடம்பு எதையாவது எதிர்த்து நின்று வெகு காலமாகியிருந்தது. சாயங்காலம் வேதாவிடம், வண்டிக்குக் காற்றடிப்பதை இனி நானே செய்கிறேன், ஒரு பம்பு வாங்கவேண்டும் என்றார். அவராக ஒன்றைக் கேட்டது அவளுக்கே புதிதாக இருந்தது. உடனே ஹர்ஷாவுக்கு போன் செய்து சொன்னாள்.

ஹர்ஷா அனுப்பியது விலை உயர்ந்த பம்பு. எண்கள் ஒளிரும் சின்னத் திரை வைத்தது. செல்போனை அதன்முன் பிடித்தால் போனே எண்ணைப் படித்துச் சொல்லிவிடும் அப்பா என்றான். தோத்தாத்ரி பிடித்துப் பார்த்தார். வெளிச்சம் போதவில்லை என்று போன் சொன்னது. பிறகு சோபா தெரிகிறது என்றது. அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எண்ணி அடிப்பது என்று தீர்மானித்தார். ஒரு ஞாயிறு ஷ்யாம்சுந்தர் பக்கத்தில் நின்று திரையைப் பார்க்க, வாரம் முழுதும் நின்ற டயர் நூறுக்கு வர எத்தனை அடி என்று எண்ணி வைத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை அவரே அடித்தார். அந்த வாரம் நடுவில் ஷ்யாம்சுந்தர் வேறொருவரை ஏற்றிப்போக வண்டியை எடுத்தது அவருக்குத் தெரியும். எடுக்கும்முன் வாசலில் வைத்துக் காற்றை நிரப்பியிருப்பார் என்பதுதான் தோன்றவில்லை. மகன் அனுப்பிய பம்புக்கு ஒல்லியான உருளை, ஊசிபோல. எவ்வளவு அடித்தாலும் முணுமுணுக்காமல் இறங்கியது. அவர் எண்ணிக்கொண்டே போனார். ஹாலே அதிரும்படி டயர் வெடித்தது.

சிலிண்டர் வெடித்துவிட்டது என்று மாடியிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். வேதா சமையலறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோத்தாத்ரி கைப்பிடியை விடாமல் நின்றிருந்தார். காதில் ரீங்காரம் கேட்டது. பயம் இல்லை. வேறொன்றும் இல்லை.

வந்தவர்கள் போன பிறகு வேதா சொன்னாள்: "போறும்னா. இனிமே இதைத் தொடாதேங்கோ. ஷ்யாம் வந்து பாத்துக்கட்டும். நீங்க பேசாம உக்காந்திருங்கோ."

அவர் சரி என்றார். நாற்காலிக்குப் போனார். ஆனால் இந்தச் சரி உள்ளே படியவில்லை. துக்கம் என்று சொல்ல முடியாது. பல்லிடுக்கில் மாட்டிய பாக்குத் தூள்போல நாக்கு போய்ப் போய் அதையே தொட்டது. வீட்டில் அவர் கைக்கு வந்த ஒரே வேலை அது. அதுவும் போனால் ஞாயிறுகளில் ஏற்றி இறக்கப்படுவது மட்டும்தான் மிஞ்சும்.

இரண்டு நாள் கழித்து, ஷ்யாம்சுந்தரின் பம்பு எண்பதில் நின்றது அவர் நினைவுக்கு வந்தது. இட்லியும் நினைவுக்கு வந்தது. மனத்துக்குள் ஒரு பம்பின் குறுக்குவெட்டை வரைந்தார். பருமனான உருளை ஒவ்வோர் அடிக்கும் நிறையக் காற்றைத் தள்ளும். ஆனால் உள்ளே இருக்கும் காற்று அந்த அகலம் முழுவதையும் அழுத்தி ஆளைத் திருப்பித் தள்ளும். ஒல்லி உருளையில் தள்ளும் பரப்பு குறைவு, அதனால் இறங்கிக்கொண்டே இருக்கும். எந்தப் பம்பிலும் ஓர் ஆளின் எடை தோற்கும் இடம் ஒன்று உண்டு. தன் எடை சரியாக நூறில் தோற்கிற பம்பு கிடைத்தால் திரை வேண்டாம், முள் வேண்டாம், எண்ணவும் வேண்டாம். அதற்குமேல் கைப்பிடி இறங்காது, டயரும் வெடிக்காது.

மறுநாள் காலை எடை பார்க்கும் மெஷினில் ஏறி நின்று வேதாவைப் படிக்கச் சொன்னார். அடுத்த நாளும் சொன்னார். அதற்கடுத்த நாளும். மாறவில்லை. பசி என்று ஒன்று இருந்தால்தானே எடை ஏறி இறங்க. வைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதற்கு இதெல்லாம் என்று வேதா கேட்டபோது விளக்கினார். அவள் மெஷினைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளினாள். பிறகு, கடையில் வைத்து மட்டும் அடித்துப் பார்ப்போம், வெடிக்கும்போல இருந்தால் வந்துவிடவேண்டும் என்றாள்.

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டு மேலேயே இருந்த சைக்கிள் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் துரை நல்ல வியாபாரி. மெலிசு டயருக்கு என்றதும் ஒல்லி உருளைப் பம்பை எடுத்து நீட்டினார். தோத்தாத்ரி அதை ஒரு புது வண்டியின் டயரில் மாட்டச் சொல்லி, கைப்பிடி நின்றதும் முள்ளைப் படி என்று வேதாவை உட்காரவைத்தார். அது நிற்கவே இல்லை. நூற்று முப்பது என்று வேதா பதறியதும் கையை எடுத்துவிட்டார்.

"பாத்தீங்களா சார், இன்னா ஸ்மூத்தா எறங்குது. இத்தயே எட்துகினு போங்க," என்றார் துரை.

"இது வேண்டாம். எனக்கு இறங்காத பம்பு வேணும்."

துரை வேதாவைப் பார்த்தார். வேதா முள்ளைப் பார்த்தாள்.

அடுத்து வந்தது மலைச் சைக்கிள்களின் பருத்த டயருக்கான குண்டுப் பம்பு. எழுபதிலேயே அவரைத் தள்ளிவிட்டது. அதற்கடுத்தது நூற்றுப் பத்தில் நின்றது. தோத்தாத்ரி அவசரப்படவில்லை. ஒவ்வொன்றின் உருளையையும் இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்துப் பார்த்தார். இறங்கும் தடியில் ஆட்டம் இருக்கிறதா என்று அசைத்தார். வால்வில் வாயைப் பூட்டும் கொக்கி அழுத்தமாக உட்காருகிறதா, கொஞ்ச நேரம் விட்டால் மூட்டில் காற்று கசியும் சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்துப் பார்த்தார். ஒன்றில் ரப்பர் குழாய் மூட்டு சீறியது, ஒதுக்கினார். துரை மற்ற வாடிக்கையாளர்களைக் கவனிக்கப் போய்விட்டுத் திரும்பி வந்தார். கடைசியில் பரணிலிருந்து, யாரும் கேட்காமல் தூசி படிந்திருந்த இரும்பு உருளைப் பம்பு ஒன்றை இறக்கினார்.

தோத்தாத்ரி குதிகாலைத் தூக்கி, முழங்கையை மடக்காமல், முழு எடையையும் மெல்ல வைத்தார். காற்று உள்ளே புகும் சத்தம் நின்றது. கைப்பிடி இறங்க மறுத்தது.

"தொண்ணூத்தெட்டு," என்றாள் வேதா.

காற்றை இறக்கிவிட்டு மறுபடி அடித்தார். நூறு. மறுபடி. தொண்ணூற்றொன்பது.

"சார், சொல்றனேன்னு தப்பா எட்துக்காதீங்க. மெலிசு டயருக்கு இத்த எவனும் வாங்க மாட்டான். கடசீல ரொம்ப பேஜாரு குடுக்கும்," என்றார் துரை.

"அந்த பேஜாருக்குத்தான் வாங்கறேன்," என்றார் தோத்தாத்ரி.

சனிக்கிழமை வேதா பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஷ்யாம் புது டயர் மாட்டிக் கொடுத்த வண்டிக்கு அவர் அடித்தார். ஒன்றும் வெடிக்கவில்லை. ஞாயிறு காலை ஷ்யாம்சுந்தர் வந்து தன் கையடக்க அளவுமானியை வைத்துப் பார்த்துவிட்டு, கரெக்டா இருக்கு சார் என்றார். அடுத்த வாரமும் வைத்துப் பார்த்தார். அதற்கடுத்த வாரங்களிலும். நம்பிக்கை இல்லாமல் இல்லை, கை பழக்கம் என்று ஒருமுறை அவரே சொன்னார். தோத்தாத்ரிக்கு வருத்தம் இல்லை. மகிழ்ச்சியும் பெரிதாக இல்லை. ஹோம்வொர்க் நோட்டை நீட்டிவிட்டு நிற்பதுபோல நின்றார், அவ்வளவுதான். தப்பாக இருந்தால் ஷ்யாம் பார்த்துக்கொள்வார்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஷ்யாம்சுந்தர் வெளியூர் போகவேண்டியிருந்தது. அவருக்குப் பதிலாக சத்யபிரியா என்ற பெண் வந்தாள். காட்டாங்குளத்தூர்க்காரி. கல்லூரி அலுவலகம் ஒன்றில் வேலை. தோத்தாத்ரி அவளோடு போனதில்லை. வண்டியை வெளியே உருட்டியவள், காற்று யார் அடித்தது என்று கேட்டாள்.

"நான்தான்."

"சரி சார், ஏறுங்க."

அவள் அளவுமானி எடுக்கவில்லை. டயரை விரலால் அமுக்கியும் பார்க்கவில்லை. பெடலில் காலை வைத்துக் காத்திருந்தாள். தோத்தாத்ரிக்கு, ஒரு நிமிஷம், ஒருமுறை பார்த்துவிடேன் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. ஏறி உட்கார்ந்தார்.

அகரம்தென் ரோட்டில் வண்டி வேகம் பிடித்தது. சத்யபிரியா ஷ்யாம்சுந்தரைவிட வேகமாக ஓட்டினாள். பள்ளம் சார், ப்ரேக்கர் சார் என்று குரல் கொடுத்துக்கொண்டே போனாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் தோத்தாத்ரி மூச்சைப் பிடித்தார். பக்கத்தில் லாரிகள் போயின. சீட்டுக்கு நேர் கீழே ஓடும் பின்டயரின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தார். நேற்று சாயங்காலம் அடித்தபோது குதிகாலைச் சரியாகத் தூக்கினோமா? அதற்குமுன் வேதா கொடுத்த அடையைச் சாப்பிட்டிருந்தோமே, அந்தக் கனம் எத்தனை பவுண்டைக் கூட்டியிருக்கும்? முன்டயர் இப்போது போனால் முதலில் கீழே விழுவது இந்தப் பெண். அவளுக்கு எத்தனை வயது என்றுகூடக் கேட்கவில்லை. கைப்பிடியில் அவர் விரல்கள் வழுக்கின. முதுகில் சட்டை ஒட்டியது. இதெல்லாம் என்னவென்று புரியவே அவருக்குச் சிறிது நேரம் பிடித்தது. பயம்.

மாம்பாக்கத்தில் டீக்கடை வாசலில் நிறுத்தினார்கள். டீ வாங்கப் போனவள் திரும்பி வந்தபோது தோத்தாத்ரி குனிந்து முன்டயரை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், காத்து எறங்கிடுச்சா?"

"இல்ல. நிக்கறது."

அவர் கையில் டம்ளரைக் கொடுத்தாள். சூடாக இருந்தது. சர்க்கரை அதிகம் என்று தோன்றியது. அவள் ரோட்டைப் பார்த்தபடி, இன்னும் வெயில் ஏறவில்லை, வழக்கமாக இங்கேயே திரும்பிவிடுவீர்களாமே, கேளம்பாக்கம்வரை போய்ப் பார்க்கலாமா என்று கேட்டாள். அங்கே போகும் வழியில் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னாள்.

"உங்க டயர் தாங்குமா சார்? நீங்க சொன்னா போலாம்."

தோத்தாத்ரி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சீட்டைத் தடவிப் பின்பக்கம் போய், பின்டயரையும் அழுத்திப் பார்த்தார். பயம் குறையவில்லை.

"தாங்கும்," என்றார்.