புத்தூர்க் கட்டு

திருப்பதிக்கும் சித்தூருக்கும் ஓடிய தனியார் பஸ்ஸில் அவர் கண்டக்டர். ஒல்லியான உடம்பு. டிக்கெட் கிழிக்கும்போதெல்லாம் தமக்குள் எதையோ பாடிக்கொண்டிருப்பார். ஒரு நாள் படியிலிருந்து விழுந்து கை முறிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவரை, "அங்க போனா கையையே எடுத்துடுவாங்க, புத்தூர் போய்க் கட்டுப் போட்டுக்கய்யா" என்று திருப்பிவிட்டவன், தினமும் அதே பஸ்ஸில் போய்வந்த நான்.

மூன்றாவது கட்டும் பிரித்து வந்தபோது வேலை இல்லை. சொல்லாமல் நின்றுவிட்டார் என்று முதலாளி நீக்கியிருந்தார். சித்தூர் லேபர் ஆபீசுக்குத் துணையாக நானும் போனேன்.

"உடம்பு முடியாதவன நிறுத்தக் கூடாது, சட்டம் உன் பக்கந்தான். டாக்டர் சர்டிபிகேட் எங்க?" என்றார் அதிகாரி.

புத்தூரில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுபவர் சர்டிபிகேட் தருவதில்லை. படித்த எனக்கு அது தோன்றவே இல்லை.

"யாருய்யா உன்ன புத்தூருக்குப் போகச் சொன்னது?"

நான் வாய் திறப்பதற்குள் கண்டக்டர் முந்திக்கொண்டார். "எங்க பக்கம் எல்லாரும் அங்கதான் சார் போவாங்கோ."

வெளியே வந்ததும், "என்னைச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா வேலை வந்துடப் போதா சார்? கைய பாருங்க, எவ்ளோ நல்லா கூடிக்கீது" என்று விரல்களை மடக்கிக் காட்டினார். ஐந்தும் மடங்கின.

கோணலாகக் கூடியிருந்தால் என்னைத் திட்டியிருப்பார். எனக்கும் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.