இரண்டு அளவு பெரிய சப்பாத்து

பிற்பகல் மூன்று இருபதுக்கு என் மகளின் இடதுகால் சப்பாத்து கழன்று விழுந்தது. நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரியக் காரணம், எங்கள் தோட்டத்து வாசலில் யார் வந்தாலும் போனாலும் மணி பார்த்து ஒரு நோட்டில் எழுதுவார்கள். என் பெயருக்கு நேரே 3.20 என்று பென்சிலால் எழுதிய காவலன் இன்னும் நோட்டை மூடவில்லை. பின்னால் பிள்ளை தொப்பென்று விழுந்த சத்தம் கேட்டது.

மலாயாவில் கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் ஒளிந்து வெள்ளைக்கார அரசோடு சண்டை போட்ட அவசரகாலத்தின் நடு வருஷங்கள் அவை. செலண்டார் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் டிரெஸ்ஸராக இருந்தேன். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது, வாரம் ஒருமுறை வரும் டாக்டர் முன்னால் நோயாளிகளை வரிசையில் நிறுத்துவது, இவை என் வேலை. தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி. ஒரே வாசல். வெளியே போகிறவர் ஒரு பிடி சோறு கொண்டுபோகக் கூடாது. உள்ளே வருகிறவரிடம் காட்டிலிருந்து சேதி சொல்லும் துண்டுக் காகிதம் இருக்கக் கூடாது. மருந்து அலமாரியின் சாவி என்னிடம் இருந்ததால் என்மேல் எப்போதும் ஒரு கண் தனியாக இருந்தது. காட்டில் இருப்பவர்களுக்கும் காயம் படும், காய்ச்சல் வரும் அல்லவா?

சப்பாத்து வாங்கும் எண்ணமே எனக்கு அருவருப்பில்தான் பிறந்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பிள்ளைகளின் மலத்தைச் சிறு டப்பாக்களில் வாங்கிப் பரிசோதனைக்கு அனுப்புகிறவன் நான். கொக்கிப்புழு ஈர மண்ணில் கிடக்கும். வெறுங்காலின் தோலைத் துளைத்து ரத்தத்தில் ஏறும். கடைசியில் குடலைக் கவ்விக்கொண்டு தொங்கும். வெளிறிய உதடும் உப்பிய வயிறுமாக எத்தனை பிள்ளைகள் என் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். என் மகள் என்னுடைய நாற்பத்து மூன்றாம் வயதில் பிறந்தவள். அவள் நடக்கத் தொடங்கியதிலிருந்து ராத்திரி தூங்கப் போகுமுன் அவள் உள்ளங்கால்களைக் கழுவி, விளக்கருகே பிடித்துப் பார்ப்பேன். பிறகும் தூக்கம் வராது.

அன்று காலை நான், மனைவி, மகள் மூவரும் பஸ் ஏறி மலாக்காவுக்குப் போனோம். சப்பாத்து தைக்கிற சீனர் ஒருவர் கடை. வயது அறுபது இருக்கும். கழுத்தில் அளவு நாடா, மேலே கைவைத்த பனியன். சந்தை மலாய்தான் எங்களுக்குப் பொது. நான் பிள்ளையை மடியில் வைத்துக் காலை நீட்டினேன். அவர் மறுத்தார். தரையில் ஒரு சீனப் பத்திரிகையை விரித்து, அதன்மேல் அவளை நிற்க வைக்கச் சொன்னார். உட்கார்ந்த கால் வேறு, நிற்கிற கால் வேறு என்று கையாலேயே காட்டினார். விரல்களைக் குவித்தார், பிறகு பரப்பினார். குந்தி உட்கார்ந்து பென்சிலால் இரண்டு கால்களையும் சுற்றி வரைந்தார். ஓரத்தில் ஏதோ எண்களை எழுதினார். பிறகு அலமாரியிலிருந்து வார் வைத்த பழுப்பு நிறச் சோடி ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டார். முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, நடக்கவிட்டார். அவள் நாலு அடி நடந்து, திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். காலில் இருப்பது தெரியாத மாதிரி நடந்தாள்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. நம் வீடுகளில் பிள்ளைக்கு அளவாக எதை வாங்குகிறோம்? கவுன் கணுக்கால்வரை தொங்கவேண்டும், சட்டைக் கையை மூன்று மடிப்பு மடிக்கவேண்டும். வளர்கிற பிள்ளை என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை. இரண்டு அளவு பெரிசாகக் கொடுங்கள், தவுக்கே, என்றேன், சீன முதலாளிகளை மரியாதையாக அழைக்கும் சொல்லால்.

“பெசார், பெசார்” என்று தலையை ஆட்டினார். பெரிசு, பெரிசு. விழுந்துவிடும், குதிகால் தேய்ந்துவிடும் என்றார்.

என் மனைவி, “அவரு சொல்றதத்தான் கேளுங்களேன். நடக்கப்போறது அவளா, நீங்களா?” என்றாள்.

முனையில் கொஞ்சம் காகிதம் அடைத்தால் சரியாகிவிடும் என்று அவளிடம் தமிழிலும் அவரிடம் மலாயிலும் சொன்னேன்.  அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, அளவெடுத்த அந்தப் பத்திரிகையையே எடுத்து, கால் வரைந்த பக்கத்தை நாலாகக் கிழித்து, கசக்கி, இரண்டு பெரிய சப்பாத்துகளின் முனையிலும் திணித்தார். இந்த முறை பிள்ளையின் காலைத் தொடவில்லை. சோடியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பும் பஸ்ஸில் அவள் டப் டப்பென்று நடந்தாள். “என்னா பாப்பா, அப்பா சப்பாத்தப் போட்டுக்கிட்டு வந்துட்டியா?” என்று ஒரு பெண் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குள் அவளுடைய குதிகால் சிவக்கத் தொடங்கியிருந்தது.

வாசலில் பெண்களைச் சோதிக்க லயத்துப் பெண் ஒருத்தியை வைத்திருந்தார்கள். அவளுடைய பிள்ளைக்கும் புழுமருந்து கொடுத்திருக்கிறேன். என் மனைவியைத் தட்டிக்குள் கூட்டிப்போய்ச் சோதித்துவிட்டு முதலில் வெளியே வந்தவள், விழுந்த பிள்ளையைத் தூக்கி, சப்பாத்தை மாட்டிவிடப் பார்த்தாள்.

“டிரெஸ்ஸரையா, உள்ள என்னமோ அடச்சிருக்கே” என்று, உதவி செய்கிற நினைப்பில், விரலை விட்டு இழுத்தாள்.

காகிதத்தைக் காவலர்களின் கார்ப்பரல் பிடுங்கினான், மற்றச் சப்பாத்திலிருந்ததையும் உருவினான். பிரித்தான். கசங்கிய சீன எழுத்துகளின் நடுவே வளைந்து போகும் ஒரு பென்சில் கோடு, பக்கத்தில் எண்கள். அவன் மெல்ல விசிலடித்தான். வரைபடம் என்றான். அது என் மகளின் கால் என்று எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். வரையும்போது பக்கத்தில் நின்றவன் நான். ஆனால் பயத்தில் எனக்கும் அது காட்டுப்பாதையாகத்தான் தெரிந்தது.

நாலு மணிக்குப் போலீஸ் துரை ஜீப்பில் வந்தான். அந்த நாளில் இப்படி ஒரு காகிதம் போதும். விசாரணை இல்லாமல் எங்களை உள்ளே வைப்பார்கள். சீனராக இருந்தால் கப்பலில் ஏற்றிச் சீனாவுக்கே அனுப்பிவிடுவார்கள். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் பேசினேன். தெருவைச் சொன்னேன், கடையின் கதவு நிறத்தைச் சொன்னேன், அந்த மனிதரின் வழுக்கையைச் சொன்னேன். கேட்டதற்கு மேலேயே சொன்னேன். கடையில் தவுக்கே என்று அழைத்தவன், தோட்டத்து வாசலில் ‘அந்தச் சீனன்’ என்றேன். காகிதம் வைக்கச் சொன்னது யார் என்று துரை கேட்டான். யாரும் சொல்லவில்லை, அவனாகத்தான் வைத்தான் என்றேன். நல்ல ஆங்கிலத்தில், தடுமாற்றமே இல்லாமல். ஜீப் மலாக்காவுக்குக் கிளம்பியது. துரை காகிதங்களோடு காவல் மேசையில் உட்கார்ந்துகொண்டான்.

எங்களைக் காவல் கொட்டகைக்குள் உட்காரவைத்தார்கள். சுவரில் வெற்றிலை எச்சில் வழிந்து காய்ந்திருந்தது. தரையில் சிகரெட் துண்டுகள், மீன் முள், அதன்மேல் ஈ. பின்பக்கத்திலிருந்து மூத்திர நாற்றம். மேசைமேல் என் மகளின் சப்பாத்துகள் கிடந்தன. கார்ப்பரல் கத்தியால் உள்தோலைக் கிழித்து, உள்ளே வேறு ஏதாவது இருக்கிறதா என்று மோந்துகூடப் பார்த்தான். அந்தக் கையாலேயே பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் நீட்டினான். அவள் வாங்கித் தின்றாள். நான் தடுக்கவில்லை.

மனைவி என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்:

“பெருசா வேணும்னு கேட்டது நாமதானே? பேப்பர் வைக்கச் சொன்னதும் நீங்கதானே? அத ஏங்க சொல்லல?”

 இப்போது போய்ச் சொன்னால் முன்னால் சொன்னது பொய்யென்று ஆகும், அப்புறம் எதையும் நம்பமாட்டார்கள் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள், “அவருக்கும் வீட்ல யாராச்சும் இருப்பாங்க” என்றாள். 

இந்தப் பேச்சுக்கு நடுவே பிள்ளை எங்கள் மடியிலிருந்து நழுவிவிட்டாள். தேடிப்போனால், கொட்டகைக்குப் பின்னால், காவலர்கள் மூத்திரம் பெய்கிற சேற்றில், வெறுங்காலோடு நின்றிருந்தாள். குதிகாலில் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. சேறு குளிர்ச்சியாக இருந்திருக்கவேண்டும். விரல்களை அழுத்தி அழுத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். எந்த மண்ணை நினைத்துத் தூக்கமில்லாமல் கிடந்தேனோ அதில். வாரித் தூக்கினேன். எனக்குக் குமட்டியது. சேற்றைப் பார்த்துத்தான் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். இன்றும் புதுத் தோல் வாசனை பட்டால் அதே குமட்டல் வருகிறது. பக்கத்தில் சேறு எதுவும் இருப்பதில்லை.

ஆறு மணி ஊரடங்குச் சங்கு ஊதி முடிந்தபோது ஜீப் வந்தது. இரண்டு காவலர்களுக்கு நடுவே அவர் இறங்கினார். அதே பனியன், கழுத்தில் அதே அளவு நாடா. ஒரு காலில் மட்டும் மரக்கட்டைச் செருப்பு இருந்தது. பனியன் தோள்பட்டையில் கிழிந்திருந்தது.

துரை காகிதங்களைக் காட்டி ஏதோ கேட்டான். அவர் நாலு துண்டுகளையும் மேசைமேல் பரப்பி, ஒன்றோடொன்று சேர்த்தார். கோடுகள் கூடின. இரண்டு சிறிய பாதங்கள். அவற்றைத் தரையில் வைத்து, என் கையிலிருந்த பிள்ளையைக் கேட்டு வாங்கி, அந்தக் கால்களைத் தன் பனியனாலேயே துடைத்து, கோட்டுக்குள் நிற்கவைத்தார். ஒரு நூல்கூட வெளியே போகவில்லை. கார்ப்பரல் வேறு பக்கம் பார்த்தான். துரை சிரித்துவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டினான்.

அவர் உடனே எழுந்திருக்கவில்லை. உரிந்த குதிகாலைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அண்ணாந்து என்னைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் மலாயில் சொன்னார்:

“பெசார். அப்போதே சொன்னேன். நீதான் வேண்டும் என்றாய்.”