ஆடியிலும் மார்கழியிலும் படித்த அக்கா

மார்கழிப் பனியில் முதல் பஸ்ஸைப் பிடித்து, பாதித் தூக்கத்தோடு வந்து இறங்கி, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கிறீர்கள். முதலில் உட்காருங்கள். காபி வரும். அக்கா இருந்திருந்தால் இதைத்தான் முதலில் சொல்லியிருப்பார். வந்த காரியத்தை அப்புறம்தான் கேட்பார்.

அவர் எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. உடன்பிறந்தவன் என்பதால் எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். ஊர் ஊராக, வேலை வேலையாக மாறித் திரிந்தவன் நான். ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரு காரியத்தை முடித்த ஒருவரைப் பற்றி நான் எழுதுவது அக்காவுக்கே சிரிப்பாக இருக்கும். மனம் அலுத்துத்தான் கிடக்கிறது. அலுப்போடேயே எழுதுகிறேன். அவரும் எல்லாவற்றையும் அலுப்போடுதான் செய்தார்.

அக்கா பிறந்தது திருவாதவூரில். கண்மாய்த் தண்ணீரை நம்பி வெள்ளாமை செய்த வீடு. மூத்தவர் அக்கா, இளையவன் நான். எங்களைப் படிக்க வைக்க அப்பாவிடம் இருந்த ஒரே ஆயுதம் மாடு. "படிக்காட்டி நாளைக்கே மாட்டப் பத்திக்கிட்டுப் போ" என்பார். எனக்கு உறைக்கும். அழுதுகொண்டே புத்தகத்தை எடுப்பேன். அக்காவோ, "சரிப்பா, கன்னுக்குட்டியையும் சேத்துப் பத்திக்கிட்டுப் போகவா?" என்று கேட்டபடி கயிற்றை அவிழ்த்துவிடுவார். வெயில் தாழ்ந்து மாட்டோடு திரும்பும்போது அக்காவுக்குப் பாடம் முழுக்க மனப்பாடமாகியிருக்கும். மாடு மேய்க்கப் போனவர் எப்படிப் படித்தார் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. எனக்கு விளங்க ஒரு ஆயுள் ஆயிற்று, அவருடைய ஆயுள்.

பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். அதற்கு மேல் கல்லூரி வேண்டாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். திருப்பரங்குன்றத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அத்தானுக்கு மைக்செட், சீரியல் பல்பு போடும் தொழில். அந்த ஊரில் மண்டபத்துக்கு மண்டபம் கல்யாணம், அதனால் தொழிலுக்குக் குறையில்லை. ஒரு அறையும் ஒரு அடுப்படியுமாக வாடகை வீடு. அதில் அக்கா, அத்தான், மகள் யாழினி, பிறகு அத்தானின் தாயார். அந்த அம்மாளை நாங்கள் எல்லோருமே அத்தை என்றுதான் அழைப்போம்.

ஒரு முகூர்த்த நாளில், மண்டப முகப்பில் பல்புத் தோரணம் கட்டும்போது அத்தான் ஏணியோடு சரிந்து விழுந்தார். உயிர் பிழைத்தது, முதுகு போனது. அதற்குப் பிறகு அவரால் ஏற முடியவில்லை, தூக்க முடியவில்லை. உட்கார்ந்தபடி செய்யும் வேலை மட்டும்தான் மிஞ்சியது. வீட்டை யார் தாங்குவது என்ற கேள்வி வந்தது. அரசுத் தேர்வு எழுது என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். சொல்வதற்கு என்ன, சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார்கள்.

இதற்குப் பிறகு அக்கா திடீரென்று பெரிய பக்தை ஆகிவிட்டார் என்றுதான் உங்களில் பலர் நினைத்திருப்பீர்கள். எப்போது போன் செய்தாலும் அத்தைதான் எடுப்பார். "அவ கோயிலுக்குப் போயிருக்கா" என்பார். நேரில் வந்தாலும் அதே பதில். மலையடிவாரத்தில் குடியிருப்பவர், கஷ்டத்தில் இருப்பவர், சாமியிடம் போகாமல் என்ன செய்வார் என்று நாங்களும் விட்டுவிட்டோம். "அக்கா, எனக்கும் சேத்து வேண்டிக்க" என்று நானே சொல்லியிருக்கிறேன். "ம், வேண்டிக்கிறேன்" என்றார், சிரிக்காமல்.

முதல் தேர்வை எழுதி முடித்தார். விடைகள் வெளியானதும் சரிபார்த்துவிட்டு, "வந்துரும் போலதான் இருக்கு" என்றார். இதை அவர் சொன்னது எங்கள் தாய்மாமாவிடம். வாழை இலை வியாபாரம் செய்யும் எங்கள் மாமாவுக்குக் காதுகுத்தானாலும் சரி, கிரகப்பிரவேசமானாலும் சரி, பிளக்ஸ் வைக்காமல் சோறு இறங்காது. மதுரைக்காரர்களான உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மறுநாள் காலையில் அக்காவின் தெருமுனையில் ஒரு பிளக்ஸ் நின்றது. ‘அரசுப் பணியில் அமரும் எங்கள் குலக்கொடியே, வருக!' கல்யாண போட்டோவிலிருந்து வெட்டி எடுத்த அக்காவின் முகம், ஓரத்தில் அத்தானின் தோளும் அரை மாலையும். கீழே வரிசையாக மாமாவும் அவர் கூட்டாளிகளும். அக்காவின் முகத்தைவிட மாமாவின் கூலிங்கிளாஸ் பெரிது.

முடிவு வந்தது. அக்காவின் எண் அதில் இல்லை.

அன்று நான் அங்கே இருந்தேன். பிளக்ஸைக் கழற்ற மாமா ஏணியோடு வந்தார். எதிரே டீக்கடை.

"என்னண்ணே, பிள்ளை பொறக்குறதுக்கு முந்தியே பேரு வச்சுட்டீங்க போல?" என்று கடைக்காரர் கேட்டார்.

"நீ மூடிக்கிட்டு டீய ஆத்துடா" என்றார் மாமா. கண் கலங்கியிருந்தது. என் பக்கம் திரும்பி, "மாப்ள, ஏணியப் புடி" என்றார்.

அவர் இரண்டு படி ஏறுவதற்குள் அக்கா வீட்டிலிருந்து ஓடி வந்துவிட்டார்.

"மாமா, எறங்குங்க மொதல்ல."

"இல்லத்தா. இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எப்பிடித்தா தெருவுல நடக்குறது?"

"ஒங்க மூஞ்சிக்கு என்ன, கண்ணாடியெல்லாம் போட்டு நல்லாத்தான் இருக்கு. எறங்குங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

இருந்தது. வெயிலில் வெளுத்தது. முதலில் எழுத்து போனது, பிறகு மாமாவின் கூலிங்கிளாஸ் போனது, கடைசியாக அக்காவின் முகம். காற்றில் ஒரு பக்கம் கிழிந்து படபடத்தது. அதன் கீழேதான் அக்கா தினமும் நடந்தார்.

எங்கள் குடும்பத்தின் பெருமைக்கதை இப்படித்தான் உருவானது. தோற்ற பிளக்ஸைக் கழற்றவிடாமல், தினமும் அதைப் பார்த்துப் பார்த்து வைராக்கியத்தை வளர்த்துக்கொண்டு, இன்னும் சில தேர்வுகள் எழுதி, ஜெயித்தே காட்டினார் அக்கா என்று. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லியிருப்பீர்கள். "அந்த யாழினி அம்மாவப் பாரு, அவமானத்துல படிச்சா, நீயும் இருக்கியே" என்று. மனிதர்களை உழைக்க வைப்பது எது என்று கேட்டால் நம்மிடம் இருப்பவை இரண்டே பதில்கள்: ஒன்று மாடு, இன்னொன்று பிளக்ஸ். பயம் காட்டு, இல்லாவிட்டால் ஊர் பார்க்க உயரத்தில் ஏற்று.

அக்கா தேறினார். இந்தத் தடவை மாமா, பட்டியலில் எண்ணைத் தன் விரலால் தொட்டுப் பார்த்த பிறகுதான் அச்சடிக்கப் போனார். அன்று அக்கா அழுதார். ஆனந்தக் கண்ணீர் என்றோம். ஆளாளுக்கு இனிப்பை ஊட்டினோம். அழுகை நிற்கவில்லை. இவ்வளவு சந்தோஷமா என்று ஆச்சரியப்பட்டோம்.

வட்டாட்சியர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தார். வாரிசுச் சான்றிதழ் கேட்டு வருகிறவர்கள் அவர் மேசைக்கு வருவார்கள். வீட்டில் ஒரு சாவு விழுந்து, அது ஆறுவதற்குள் காகிதம் கேட்டு அலைகிறவர்கள். அக்காவின் மேசையிலிருந்து யாரும் ‘நாளைக்கு வா' என்று திரும்பியதில்லை என்று அலுவலகத்தில் இன்றும் சொல்கிறார்கள். நோய் வந்து, சிகிச்சைக்கும் வேலைக்குமாக மாறி மாறிப் போன காலத்திலும் அப்படித்தான். லீவு போடச் சொல்லி நாங்கள் சண்டை போட்டோம்.

"ஒனக்கு என்ன மெடலா குத்தப் போறாங்க?" என்று கேட்டேன்.

"அவங்க இன்னொரு தடவ பஸ் ஏறணும்டா" என்றார். "நெனச்சாலே எனக்கு கால் வலிக்குது."

கடமை, சேவை என்று எந்தப் பெரிய வார்த்தையும் அவர் வாயில் வந்ததில்லை. களைத்துப்போன ஒருவர், தன்னைப்போலவே களைத்துப்போன இன்னொருவருக்கு ஒரு நடை மிச்சம் பிடித்துக் கொடுத்தார். அவ்வளவுதான். அவ்வளவையும் தினமும் செய்தார்.

கடைசி மாதம், ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்காவை வெயில் காய உட்கார வைத்திருந்தோம். போர்வைக்குள் ஒரு பறவையளவு ஆகியிருந்தார். பேச்சை வளர்க்க நான் அந்தப் பழைய கதையை எடுத்தேன். எப்பேர்ப்பட்ட வைராக்கியம் அக்கா உனக்கு, அந்தப் பிளக்ஸைக் கழற்றவிடவில்லையே என்றேன்.

அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"வைராக்கியமா? அடப்பாவி. மாமாவுக்கு சக்கர வியாதி. தல சுத்தி ஏணியில இருந்து விழுந்தா யாருடா பாக்குறது? ஏற்கெனவே ஒருத்தரு விழுந்து படுத்திருந்தாரு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறென்னவோவும் வந்தது. "அப்ப அந்தப் பிளக்ஸப் பாத்து உனக்கு ஒண்ணுமே தோணலையா?"

"அந்த போட்டோவுல மூக்கு பெருசா இருந்துச்சு. அதத் தவிர ஒண்ணும் தோணல."

"பெறகு எதுக்குத்தான் அம்புட்டுப் படிச்ச?"

மூச்சு வாங்கியது. பிறகு சொன்னார்.

"கல்யாண மண்டபத்துல பந்தி போடுற கூடம் இருக்குல்ல, அங்க உக்காந்துதான் படிப்பேன். வாட்ச்மேன் அண்ணன் தொறந்து விடுவாரு. நீட்டு மேசை, மேல ஒரு ஃபேனு. யாரும் கூப்புட மாட்டாங்கடா. ஒரு மணி நேரம், ஒன்ற மணி நேரம், ஒருத்தரும் என்னைக் கூப்புட மாட்டாங்க. அதுக்காகத்தான் போனேன். சும்மா உக்கார முடியாதுல்ல, அதனால படிச்சேன். படிக்கப் படிக்க அதுவும் புடிச்சுப் போச்சு."

முகூர்த்த மாதங்களில் கூடத்தில் பந்திக்கு இலை விழுந்துவிடும், இடம் கிடைக்காது. கல்யாணம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும்தான் தான் உருப்படியாகப் படித்ததாகச் சொன்னார். சுபகாரியத்துக்கு ஆகாது என்று நாம் ஒதுக்கிவைத்த மாதங்கள். அவருக்கு அவைதான் நல்ல நாட்கள்.

எனக்குக் கண்மாய்க்கரை நினைவு வந்தது. வீட்டில் இருந்தால், ஏத்தா தண்ணி எடு, ஏத்தா தம்பியைப் பார், ஏத்தா அடுப்பைப் பார். கண்மாய்க்கரையில் மாடு கூப்பிடாது.

"தேறுன அன்னைக்கு ஏன் அழுதேன்னு நெனச்ச?" என்று கேட்டார். "இனிமே அங்க போயி உக்கார என்ன காரணம் சொல்றது? அதான்."

கொஞ்சம் கழித்து, "அத்தைக்குத் தெரியும்" என்றார். "நான் ஒரு நா கூட அவங்ககிட்டச் சொன்னதில்ல. அவங்களா கோயிலுக்குப் போயிருக்கான்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. யாழினி தேடி அழுதாக்கூட என்னைக் கூப்புட ஆள் அனுப்ப மாட்டாங்க."

போன மார்கழியிலேயே அக்கா போய்விட்டார். இனி அவரை யாரும் கூப்பிட மாட்டார்கள். இந்த வரியை எழுதிவிட்டு, எழுந்துபோய், தெருவைச் சுற்றிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்திருக்கிறேன்.

நன்றி சொல்ல வேண்டும். மருத்துவர்களுக்கும், இரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், கடைசி வரை அவரைத் தலையில் தாங்கிய அத்தானுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்காவின் பேரிலேயே வாரிசுச் சான்றிதழ் கேட்டு அத்தானோடு நான் அந்த அலுவலகத்துக்குப் போனேன். அவர் நாற்காலியில் இப்போது இருக்கும் இளம்பெண் எழுந்து நின்று, "இன்னொரு தடவ நீங்க வர வேணாம்ணே, ரெடியானதும் போன்ல சொல்லிர்றேன்" என்றார். அவருக்கு நன்றி. மண்டபத்து வாட்ச்மேன் அண்ணனுக்கு நன்றி; கதவைத் திறந்துவிட்டு, எதற்கு என்று ஒருநாளும் கேட்காததற்கு. தேர்வு எழுதிய காலத்தில் ‘எப்ப ரிசல்ட்டு' என்று கேட்காமல் இருந்த உங்களில் சிலருக்கும்.

போன வாரம் இந்த மலர் பற்றிப் பேச மாமா, அத்தான், நான் மூவரும் அக்கா வீட்டில் உட்கார்ந்திருந்தோம். பட்டப்படிப்பு முடித்த யாழினி அரசுத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறாள். மாமா ஆரம்பித்துவிட்டார்.

"மாப்ள, எங்க யாழினி? ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கிருவோம். அவ அம்மா படமும் அவ படமும் போட்டு, இந்தத் தடவ பெருசா அடிக்கணும். அதப் பாத்தாத்தான் பிள்ளைக்கு ஒரு இது வரும்."

நான் வாயைத் திறப்பதற்குள், சுவரோரம் கண்ணை மூடிப் படுத்திருந்த அத்தை சொன்னார், கண்ணைத் திறக்காமலே.

"அவ கோயிலுக்குப் போயிருக்கா."

"எப்ப வருவா?"

"சாமி கும்புட்டு வருவா. நீ காபியக் குடி."

கடைசி நன்றி அத்தைக்கு. அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. பக்கத்தில் இருப்பவர் யாராவது இந்தக் கட்டுரையை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் சொல்லி வந்தது என்னவென்று இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது. தெரியாதது போலவே இருங்கள், மாமா உட்பட. வாசித்துக் காட்ட யாழினியை மட்டும் கூப்பிடாதீர்கள். திதி முடிந்த கையோடு அவள் கோயிலுக்குப் போயிருப்பாள்.