ஐம்பது வரித் திரை

வக்கீல் ஆபீசில் அவருக்குப் பெயர் ஸ்கேல். பேப்பரைப் பிரின்டரில் வைக்கும் முன் ஓரத்தை அளந்து பார்ப்பார். எட்டாவதோடு படிப்பு நின்றாலும், அவர் தட்டச்சில் ஒரு புள்ளி பிசகாது. வாய்தான் பிசகும். "என் தங்கச்சி கம்ப்யூட்டர் இன்ஜினியர். அவளுக்கு முதல் பாடம் சொல்லிக்கொடுத்ததே நான்தான்" என்று அங்கிருந்த நாற்காலிகளிடம்கூடச் சொல்லியிருந்தார். சொல்லிக்கொடுத்தது என்னவோ பென்சில் சீவுவதை.

அவருடைய கம்ப்யூட்டர் மவுஸ் இல்லாத பழங்காலத்தது. கறுப்புத் திரையில் இருபத்தைந்து வரி தெரியும். பேப்பரிலும் அவ்வளவுதான் பிடிக்கும். அதனால் திரை நிறைந்தால் பக்கம் முடிந்தது என்று வைத்துக்கொண்டு, அடுத்த திரையின் தலையில் பக்க எண்ணைத் தானே அடிப்பார்.

அன்று நாலு மணிக்குள் ஒரு மனுவைக் கோர்ட்டில் கொடுத்தாக வேண்டும். தவறினால், பெஞ்சில் உட்கார்ந்திருந்த தையல்காரர் கடையைக் காலி செய்ய வேண்டியதுதான். முன்னால் அடித்ததைப் பார்க்கத் திரையில் மேலும் கீழும் போய்வந்து சலித்த ஸ்கேல், காலையிலேயே தங்கைக்குப் போன் போட்டார்.

"திரையில இன்னும் நிறைய வரி தெரியணும்மா."

அவள் ஒரு கட்டளையைச் சொன்னாள். "ஐம்பது வரி தெரியும்ண்ணா. எழுத்து பொடிசாயிடும், பரவாயில்லையா?"

"என் கண்ணுக்கென்ன?"

எழுத்துகள் எறும்பாயின. மூக்கு திரையில் இடிக்க இடிக்க அடித்தார். திரை நிறைந்ததும், வழக்கம்போல் அடுத்த பக்க எண். மூன்றரைக்குப் பிரின்டரிலிருந்து வந்ததை வக்கீல் புரட்டினார்.

"இது ஒண்ணாம் பக்கம். இது ரெண்டு. நடுவுல நம்பரே இல்லாம ஒருத்தர் நிக்கிறாரே, யாருங்க இவரு?"

ஒன்றுவிட்டு ஒன்று அப்படித்தான் நின்றது. ஐம்பது வரித் திரை ஒன்று இரண்டு பேப்பராக வந்திருந்தது. பேப்பர் ஓரத்தையெல்லாம் அளந்தவர் திரையை அளக்கவில்லை.

"உங்க சிஷ்யையைக் கேளுங்களேன்" என்றார் வக்கீல், போனை ஸ்பீக்கரில் போட்டு.

"அண்ணா, திரையில வரி கூடினா பேப்பருமா நீளும்?" என்றாள் தங்கை. "அதே கட்டளையில இருபத்தஞ்சுன்னு அடிச்சுட்டு, ஒவ்வொரு திரையா நம்பரை மாத்துங்க."

மாற்றினார். அவர் அடித்துக்கொண்டிருக்கும்போதே வக்கீல் குனிந்து கேட்டார்: "உங்ககிட்ட அவங்க என்னதான் கத்துக்கிட்டாங்க?"

"பென்சில் சீவ, சார்" என்றார், தலை நிமிராமல்.

மூன்று ஐம்பதுக்கு மனுவோடு தையல்காரர் ஓடினார். ஸ்கேல் மூக்கிலிருந்த தூசியைத் துடைத்துக்கொண்டார்.

"அதுலயும் இப்ப அவதான் கெட்டி, சார்."