அரிசிமாவுப் புழு

டி.வி.யில் ஒரு மனிதர் காட்டில் தன்னந்தனியாகத் தவிக்க வேண்டுமானால், அவருக்கு எதிரே ஒரு வேன் நிறைய ஆட்கள் நிற்க வேண்டும். அந்த வேனின் கடைசி ஸீட்டில் டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து போனவள் நான்.

மைசூரில் மாடிக்கு மாடி ஆன்டெனா முளைத்துக்கொண்டிருந்த சமயம். நான் பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் திறக்காது. ரயில்வேயில் ரிடையரான அப்பா, "பேசவே வேண்டாத வேலையாம், உனக்குன்னே இருக்கு" என்று சொல்லிச் சேர்த்துவிட்டார். வேலையின் பெயர் கன்டினியூட்டி. முன் ஷாட்டில் இடது கன்னத்தில் சேறு இருந்தால் அடுத்த ஷாட்டிலும் இடது கன்னத்திலேயே இருக்கிறதா என்று பார்ப்பது.

மூர்த்தி என்பவர் கன்னடத்தில் எடுத்த வாராந்திரத் தொடர் அது. வாராவாரம் ஒருவர் காட்டில் வழி தவறுவார், ஒரு கத்தியை மட்டும் வைத்துக்கொண்டு பிழைத்து வருவார். அந்த ஒருவர் சம்பத். மேலுகோட்டைப் பூர்வீகம், வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம். முறையாக மலையேறக் கற்றவர். கல்லூரிப் பிள்ளைகளை நிஜமாகவே காட்டுக்குக் கூட்டிப்போய் நிஜமாகவே திருப்பிக் கொண்டுவந்தவர். அந்த நிஜம்தான் எங்களுக்குக் கடைசிவரை இடைஞ்சல். விளம்பரமோ, துணிக்கடையோ, கல்யாணத் தரகோ, இல்லாததை இருப்பதாகக் காட்டும் எந்த வேலையில் நீங்கள் மாட்டியிருந்தாலும் இது உங்களுக்குப் புரியும்.

பட்டினி முகம்

முதல் வாரக் கதையில் சம்பத் சாப்பாடு இல்லாமல் தவிக்க வேண்டும். மனிதர் நிஜமாகவே இரண்டு நாள் பட்டினி கிடந்துவிட்டு வந்து நின்றார். வீட்டில் ஏகாதசி தவறாமல் இருந்து பழகிய உடம்பு. முகம் திருமஞ்சனம் ஆன பெருமாள் மாதிரி பளிச்சென்று இருந்தது. மூர்த்தி சார் கேமராவில் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

மேக்கப் பாபு கண்ணுக்குக் கீழே கரியைத் தேய்த்தார், உதட்டில் மாவைப் பூசி வெடிக்க வைத்தார். அரை மணியில் சம்பத் சாகக் கிடந்தார். அதைக் கண்ணாடியில் பார்த்ததும் அவருக்கே மனசு விட்டுப்போயிற்று. வேனுக்குப் பின்னால் போய் ஹோட்டல் பொட்டலத்தைப் பிரித்து மசால் தோசை சாப்பிட்டார். தாடியில் ஒட்டிய சட்னியைத் துடைத்தது என் உத்தியோகத்தின் முதல் கடமை. பக்கத்தில் நின்ற பாபு சொன்னார்: "பட்டினி கிடக்கறது உங்க இஷ்டம் சார். ஆனா பட்டினி கிடந்த மூஞ்சி என் டப்பாவிலதான் இருக்கு."

நெருப்பு

கட்டையோடு கட்டை தேய்த்து நெருப்பு உண்டாக்க சம்பத்துக்கு நிஜமாகவே தெரியும். அதற்குப் பொறுமை வேண்டும், காய்ந்த நார் வேண்டும், காற்று அடங்க வேண்டும். நாங்கள் எல்லோரும் குந்தி உட்கார்ந்து பார்த்தோம். கை கொப்புளித்தது, புகை வந்தது, போயிற்று, மறுபடி வந்தது. கடைசியில் நாருக்குள் சிவப்பாக ஒரு பொட்டு. நான் கை தட்டிவிட்டேன். இன்றைக்கும் அந்தப் பொட்டு எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதைப் பார்த்தவர்கள் நாங்கள் மட்டும்தான், ஏனென்றால் கேமரா எப்போதோ நின்றுவிட்டிருந்தது.

அடுத்த டேக்கில் மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சு எரிந்தது. கேமராக்காரர் நாகராஜ் சம்பத்தின் தோளில் தட்டி, "பேஜார் பண்ணிக்காதீங்க சார். உங்க நெருப்பு வர்றதுக்குள்ள என் பாட்டரி செத்துடுச்சு. இந்தக் காட்டில பிழைக்கத் தெரியாதது அது ஒண்ணுதான்" என்றார்.

வழி தவறிய இடம்

தமிழ்நாட்டு எல்லையில், பாலாறு செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே ஒரு சரிவில் சம்பத் வழி தெரியாமல் அலைய வேண்டும். ஆழமான காட்டுக்குள் அழைத்துப் போகிறேன் என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். வேன் போகாத இடத்துக்கு மூர்த்தி சார் வரமாட்டார். பஸ் ஹாரன் கேட்கும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்தி எடுத்தோம்.

சம்பத் நெற்றியில் கை வைத்து நாலு திசையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். மார்டள்ளிப் பக்கத்து அம்மா ஒருவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு நேராக ஷாட்டுக்குள் வந்தார். எங்கள் யாரையும் அவர் கவனிக்கவில்லை. கரியும் சேறுமாக நின்ற சம்பத்தைத்தான் பார்த்தார். பாவமாக இருந்திருக்க வேண்டும். "ஏனுங் சாமி, இங்க எதுக்கு நின்னு மருகறீங்? அந்தா தெரியுது பாருங்க புளியமரம், அதுங்கிட்ட போய்க் கையக் காட்டுங்க, கொள்ளேகாலம் பஸ்ஸு நிக்கும்" என்றார்.

கிழங்குக்குப் பதில்

எங்கள் தொடரைப் பாதியில் நிறுத்தப் பார்த்தது சம்பத்தின் சாப்பாடு. அவர் காலையிலிருந்து தோண்டி ஒரு காட்டுக் கிழங்கை எடுப்பார், சுட்டு, தோலுரித்து, ரசித்துச் சாப்பிடுவார். எந்தக் கீரை தின்னலாம், எது வாயைப் புண்ணாக்கிவிடும் என்று பார்க்கிறவர்களுக்கும் சொல்வார். மாமிசம் தொடாமலே ஒருவர் காட்டில் மாதக்கணக்கில் இருக்கலாம் என்று காட்டுவதுதான் அவருக்கு இந்தத் தொடரில் ஆசையே. டார்ச் லைட் பாட்டரி விற்கும் ஸ்பான்சர் வந்து பார்த்துவிட்டு, "கிழங்கு தின்பதற்கு எதற்குக் காடு? மார்க்கெட் போதுமே" என்று சொல்லிவிட்டுப் போனார். மூர்த்தி சார் முடிவு பண்ணிவிட்டார்: புழு. இல்லையென்றால் தொடர் இல்லை.

சம்பத் முடியாதென்று எழுந்து போய்விட்டார். அப்போது நான், யாரும் கேட்காமல், மெதுவாகச் சொன்னேன்: எங்கள் வீட்டில் இடியாப்பச் சேவைக்குப் பிசையும் அரிசிமாவை விரலால் உருட்டி, சீப்புப் பல்லால் வரி வரியாக அழுத்தி, தலைக்கு ஒரு மிளகு வைத்து ஆவியில் வேகவைத்தால் புழு மாதிரியே இருக்கும். உளுத்த மரத்தில் நெளியும் நிஜப் புழுவை முதலில் க்ளோசப்பில் காட்டலாம், கைக்கு வரும்போது மாற்றிவிடலாம். அந்த வேலையில் நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். மறுநாள் டிபன் கேரியரில் கொண்டுபோனேன். சம்பத் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு நிம்மதியாகச் சிரித்தார். மூர்த்தி சார் மட்டும் சிரிக்காமல் எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார்: "இது அரிசின்னு வெளியில ஒரு வார்த்தை போச்சோ, நாமெல்லாம் வீட்டுக்குப் போயிடலாம், ஆயித்தா, புரிஞ்சுதா?"

ஒளிபரப்பான பிறகு

அதுவரை எங்களுக்கு வராத கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. சயாஜி ராவ் ரோடில் சம்பத்தை நிறுத்திக் கை கொடுத்தார்கள். ஸ்பான்சர் வாரத்துக்கு ஒரு புழு கேட்டார். நெருப்பையோ கிழங்கையோ பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை.

மேலுகோட்டையில் ஒன்றுவிட்ட அண்ணா வீட்டு விசேஷத்துக்கு சம்பத் போனார். பந்தியில் அவர் இலைக்கு இரண்டு பக்கமும் யாரும் உட்காரவில்லை. யாரும் திட்டவும் இல்லை. பரிமாறியவர் கொஞ்சம் உயரத்திலிருந்து பரிமாறினாராம், அவ்வளவுதான். அடுத்த வாரம் மைசூர் லட்சுமிபுரத்திலிருந்து ஆள் வந்தது. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சராக இருக்கும் வைதேகியோடு அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவளுடைய அப்பா, முகூர்த்தம் வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார். சம்பத் ஷூட்டிங்குக்கு வந்து, பெண் வீட்டுக்கு மட்டுமாவது உண்மையைச் சொல்ல அனுமதி கேட்டார். வைதேகியை அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது என்பது கேட்ட தினுசிலேயே எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. மூர்த்தி சார் ஸ்கிரிப்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "கல்யாணம் நின்னா நல்லதுதானே சம்பத்? காட்டில தவிக்கற ஆளுக்கு வீட்டில பெண்டாட்டி இருந்தா யாருக்கு இரக்கம் வரும்?"

சாட்சி

ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பத் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவர் சொன்னால் நம்பமாட்டார்களாம். செய்தவளே வந்து சொல்ல வேண்டுமாம். எனக்கு அறிமுகமில்லாத வீட்டில் தண்ணீர் கேட்கவே கூச்சம். ஆனாலும் மாவைப் பிசைந்து, புழுவைச் செய்து, டப்பாவில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன்.

வைதேகியின் அப்பா எங்களை உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. நான் டப்பாவைத் திறந்து, மாவு, சீப்பு, மிளகு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ஒரு புழுவை எடுத்து முகர்ந்தார். பிட்டுப் பார்த்தார். பிறகு வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடி மென்றார். "உப்பு கம்மி" என்றவர், உடனே முகமெல்லாம் மலர்ந்து, "அடப்பாவி, மொதல்லயே சொல்லப்படாதோ! உள்ள வாங்கோ மாப்பிள்ளை! யாரங்கே, காபி கொண்டா!" என்று கத்தினார். சம்பத் என்னைப் பார்த்த பார்வையில் இந்த வேலைக்கு வந்ததே வீண் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வைதேகி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். என்னிடம்தான் முதலில் கேட்டாள், இதை நீங்களா பண்ணினீர்கள் என்று. நான் தலையாட்டினேன். அவள் டப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சம்பத்திடம் திரும்பினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"உயிர் போற பசியில ஒருத்தர் இதைத் தின்னிருக்காரே, அதுக்கு எவ்வளவு நெஞ்சு வேணும்னு இந்த வீட்டில தினம் சண்டை போட்டேன். உங்களை வேண்டாம்னு சொன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்னு அப்பாகிட்ட சொன்னேன். கிளாஸ்ல பசங்ககிட்ட பெருமையாச் சொன்னேன். அரிசிமாவா அது? அப்பாவுக்கு இப்ப உங்களை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அவரையே பண்ணிக்கோங்கோ."

ஒரே டேக்

அதற்கடுத்த ஷூட்டிங் கோபிநத்தத்துக்குப் பக்கம், காவேரிக்கரைக் காட்டில். லட்சுமிபுரத்தில் நடந்தது மூர்த்தி சாருக்குத் தெரியாது. வழக்கம்போலப் புழுக் காட்சி. உளுத்த மரத்தைப் பிளந்து, நிஜப் புழுக்களைத் தேக்கிலையில் வைத்து நாகராஜ் க்ளோசப் எடுத்தார். பிறகு நான் டப்பாவோடு போய் சம்பத்தின் பக்கத்தில், கேமராவுக்குத் தெரியாமல் உட்கார்ந்தேன். அவர் கை நீட்டினால் ஒன்றை வைக்க வேண்டும்.

அவர் என் பக்கம் கையை நீட்டவில்லை. தேக்கிலையிலிருந்து ஒன்றை எடுத்தார். அது விரலைச் சுற்றி வளைந்தது. வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் வந்தது, தொண்டை ஏறி இறங்கியது. நான் டப்பாவைப் பார்த்தேன். நான் செய்தவை எல்லாம் மிளகுத் தலையோடு வைத்தபடியே இருந்தன.

கட் சொன்னதும் சம்பத் எழுந்து வேனுக்குப் பின்னால் போனார். நான் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார், வாந்தி எடுக்கவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு, "நீங்க போய்ச் சொன்னா வைதேகி நம்புவாளா?" என்று கேட்டார். நம்பமாட்டாள். அரிசிமாவு என்று சாட்சி சொன்னவளே நான்தான். அவருக்கும் அது தெரிந்திருந்தது. பதிலுக்குக் காத்திராமல் பாட்டிலை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

மூர்த்தி சார் மானிட்டரில் அந்த ஷாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டார். இத்தனை மாதத்தில் அவர் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தது அன்றைக்குத்தான். "ஏனம்மா, இன்னிக்கு மாவு என்னமா வந்திருக்கு! நிஜப் புழுகூட இவ்வளவு நல்லா இருக்காது. இதே பக்குவத்தை மறக்காம வெச்சுக்கோ, அடுத்த வாரமும் வேணும்."

பொய்ப் புழுவுக்கு சம்பத் கல்யாணத்தைக் கொடுத்தார், நிஜப் புழுவுக்கு நான் பாராட்டு வாங்கினேன். எங்கள் தொழிலில் நியாயம் இப்படித்தான் ஆள் மாறி வந்து சேரும்.