மாடலில் தண்ணீர் ஊற்றிய நாள்

செம்பரம்பாக்கத்தில் ஒரு குடோனுக்கு அடித்தளத் தூண்கள் இறக்கும் பைலிங் வேலை தொடங்கவேண்டிய காலை. எழுபது டன் எடையுள்ள துளையிடும் எந்திரம், ரிக், வந்து நின்றுவிட்டது. அதை ஓட்டும் சேகர் அண்ணன் டீ கிளாஸோடு என்னிடம் வந்தார். "மேடம், முன்ன வயலாம் இது. கீய பள்ளம் கிள்ளம் கீதா? மேல குந்தப் போறது நான்தான்."

நியாயமான கேள்வி. மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை.

முந்தின வாரமே இரண்டு போர்ஹோல் போட்டு, ஒன்றுக்குள் தட்டி, மற்றதில் அதிர்வைப் பிடிக்கும் ஜியோபோன் இறக்கி அலைகளைப் பதிவு செய்திருந்தோம். மண்ணை அழுத்திக்கொண்டு போகும் P அலை பழுதில்லாமல் வந்து சேர்ந்தது. மண்ணைக் குலுக்கிக்கொண்டு போகும் S அலை மட்டும் சிதறிக் கந்தலாகியிருந்தது. அம்பத்தூர் ஆபீஸில் உட்கார்ந்து, இரண்டு துளைக்கும் நடுவில் ஒரு குழி இருப்பதாக வைத்துக் கம்ப்யூட்டரில் மாடல் ஓட்டினேன். அதில் இரண்டு அலையுமே அடிபட்டன. பொருந்தவே இல்லை.

"P வேவ் க்ளீனா வந்திருக்கே, அப்புறம் என்னம்மா கேவிட்டி, குழின்னுகிட்டு? உங்க ஜியோபோன்தான் சரியா ஒட்டல" என்றார் சைட் மேனேஜர். மதியத்துக்குள் முடிவு சொல்லாவிட்டால் ரிக்கை ஏற்றிவிடுவாராம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். இவர் சேகர் அண்ணனையே விடப் பார்த்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

சைட் ஷெட்டில் லேப்டாப்பைத் திறந்தேன். எங்கள் தொழிலில் குழி என்றால் உள்ளே காற்று என்று வைத்துக்கொள்வது பழக்கம். கணக்கு சுலபம். ஏரிக்குப் பக்கத்தில், தோண்டினால் தண்ணீர் வரும் மண்ணில், காற்று எங்கிருந்து வரும்? குழிக்குள் தண்ணீரை நிரப்பி மறுபடி ஓட்டினேன். ஈர மண்ணிலும் தண்ணீரிலும் P அலைக்கு ஏறக்குறைய ஒரே வேகம். குழியைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். S அலையைத் தண்ணீர் கடத்தவே கடத்தாது. திரையில் வந்த கோடுகள் எங்கள் பதிவின்மேல் அப்படியே படிந்தன. சத்தியமாகச் சொல்கிறேன், ஷெட்டில் ஆள் இல்லாதிருந்தால் ஆடியிருப்பேன்.

மாடல் காட்டிய இடத்தில் குச்சி நட்டு, துளை போடச் சொன்னேன். மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாலு மீட்டர் தாண்டியதும் துளை போடுகிறவர் நிமிர்ந்து பார்த்தார். "ராடு தானா எறங்கிக்கினே போவுது மேடம்."

தோண்டிப் பார்த்தால், பலகைக்கல் போட்டு மண் மூடிய பழைய பாசனக் கிணறு, நிறையத் தண்ணீரோடு. மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மாடல் பொருந்தாவிட்டால் உடனே ஜியோபோனைத் திட்டாதீர்கள். குழிக்குள் எதை வைத்தீர்கள் என்று பாருங்கள்.

சேகர் அண்ணன் இப்போதும் புது சைட்டுக்குப் போனால் எனக்குத்தான் முதல் போன். "மேடம், ஏத்தலாமா?" நான் சரி என்று சொன்னால்தான் ரிக் நகரும்.